மருந்துச் சீட்டில் ‘தேவைப்பட்டால்’ – அதன் பொருள் என்ன?



ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர் கையில் ஒரு மருந்துச் சீட்டு இருக்கும். அதில் சில மாத்திரைகளுக்கு எதிரே 1-0-1 என்று இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அதை எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் கடைசி வரியில் ஒரு மாத்திரைக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று மூன்று எழுத்துக்கள் மாத்திரம் இருக்கும். சில சீட்டுகளில் ‘இஃப் நெசஸரி’ என்று ஆங்கிலத்தில் முழுவதுமாக எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதான். ‘தேவைப்பட்டால்’ என்பதே அதன் பொருள்.

மிகச் சாதாரணமான சொல்தான். ஆனால் மருந்து விஷயத்தில் இந்த ஒரு சொல்லைத் தவறாய் எடுத்துக்கொள்வதால் சிலர் வேண்டாத மருந்தை அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறார்கள். வேறு சிலர் கட்டாயம் சாப்பிட வேண்டிய மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டிலும் உயிருக்கே ஆபத்து உண்டு. ஆகவே இந்தச் சொல்லின் பொருளையும் அதைப் பயன்படுத்தும் முறையையும் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மூன்று எழுத்துக்கள் வந்த வழி

மருத்துவர்கள் எழுதும் பல சுருக்கங்கள் பழைய லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. நாளுக்கு இரண்டு வேளை என்பதற்கு ‘பி.டி.’, மூன்று வேளை என்பதற்கு ‘டி.டி.எஸ்.’, படுக்கைக்குப் போகும் வேளைக்கு ‘எச்.எஸ்.’ என்று எழுதுகிறார்கள். அதேபோல ‘எஸ்.ஓ.எஸ்.’ என்பது ‘சி ஓபுஸ் சிட்’ என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துக்கள். ‘தேவை ஏற்படுமானால்’ என்று அதற்கு அர்த்தம். ஆங்கிலத்தில் அதைத்தான் ‘இஃப் நெசஸரி’ என்கிறார்கள். மேல்நாடுகளில் ‘பி.ஆர்.என்.’ என்றும் எழுதுவார்கள். அதுவும் ஏறக்குறைய இதே கருத்துத்தான்.

கடலில் கப்பல் ஆபத்தில் சிக்கும்போது அனுப்புகிற எஸ்.ஓ.எஸ். செய்தியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது வேறு. 1906-ல் பெர்லின் நகரில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட தந்திக் குறி அது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று அனுப்புவதற்கும் அடையாளம் காண்பதற்கும் சுலபமாய் இருந்ததால் அதைத் தெரிந்துகொண்டார்கள். அந்த எழுத்துக்களுக்குத் தனியே விரிவு கிடையாது. மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று பார்த்தவுடன், ‘அபாயமான மருந்து போலிருக்கிறது’ என்று பயப்படவும் வேண்டாம். ‘அவசரமாக உடனே விழுங்க வேண்டும்’ என்று எண்ணவும் வேண்டாம்.

‘வேணும்னா போட்டுக்குங்க’

ஆங்கிலத்தில் மூன்று தொடர்கள் உண்டு. ‘இஃப் நெசஸரி’ என்றால் தேவைப்பட்டால். ‘இஃப் பாஸிபிள்’ என்றால் முடிந்தால். ‘இஃப் யூ லைக்’ என்றால் விரும்பினால். மூன்றும் நிபந்தனைதான், ஆனாலும் ஒன்று தேவையையும், ஒன்று வசதியையும், ஒன்று விருப்பத்தையும் பற்றியது.

நம்முடைய பேச்சுத் தமிழிலோ இவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் தேவையையும் காட்டும், ஆசையையும் காட்டும். ‘செடிக்குத் தண்ணீர் வேண்டும்’ என்றால் அது தேவை. ‘எனக்கு இன்னொரு தோசை வேண்டும்’ என்றால் அது பெரும்பாலும் ஆசை. மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசை நீளமாய் நிற்கும்போது, கொடுப்பவர் அவசரத்தில், “அம்மா, இது வேணும்னா போட்டுக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். சொன்னவர் மனதில் இருப்பது தேவை. கேட்டவர் காதில் விழுவது விருப்பம்.

இதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர் சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். சுற்று வட்டாரத்தில் கரும்பு வெட்டுகிற ஓர் அம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. முழங்கால் வலியும் இருக்கிறது. சீட்டில் இரண்டு மருந்துகள் எழுதப்படுகின்றன. ஒன்று அழுத்தத்திற்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. மற்றது வலி மாத்திரை, எஸ்.ஓ.எஸ்.

வீட்டுக்குப் போனபின் நடப்பது பல வேளைகளில் இதற்குத் தலைகீழ். வலி தினமும் தெரிகிறது. ஆகையால் வலி மாத்திரையைத் தினமும் இரண்டு, மூன்று என்று சாப்பிடுகிறார். தீர்ந்தவுடன் கடையில் அதையே கேட்டு வாங்கிக்கொள்கிறார். இரத்த அழுத்தம் வெளியே தெரிவதில்லை. ஆகையால் தலை சுற்றும் நாளில் மாத்திரம் அந்த மாத்திரையைப் போடுகிறார். தினமும் சாப்பிட வேண்டியது ‘தேவைப்பட்டால்’ ஆகிவிட்டது. தேவைப்பட்டால் சாப்பிட வேண்டியது தினசரி ஆகிவிட்டது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், இரத்த அழுத்தமும் ஏறும். அழுத்த மாத்திரையை விட்டுவிட்டால் பக்கவாதம் வரலாம். அந்த அம்மாள் சொன்னபடி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

எச்சம் முடிய வேண்டும்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த இலக்கணத்தை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். ‘வந்தால்’, ‘பெய்தால்’, ‘தேவைப்பட்டால்’ என்பவை வினையெச்சங்கள். எச்சம் என்றால் மிச்சம் நிற்பது. பொருள் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ‘மழை பெய்தால்’ என்று சொல்லி நிறுத்தினால், ‘பெய்தால் என்ன?’ என்று கேட்போம். மருந்துச் சீட்டில் ‘தேவைப்பட்டால்’ என்பதும் அப்படியே. அந்தத் தேவை எது, எவ்வளவு, எதுவரை என்று சொல்லாவிட்டால் அது பாதி வாக்கியம்தான்.

அதை முழுமையாக்க ஐந்து கேள்விகள் போதும். மருந்து வாங்கும் இடத்திலேயே, கூச்சப்படாமல் இவற்றைக் கேட்க வேண்டும்.

1. எந்தத் தொல்லை வந்தால் இதைப் போட வேண்டும்? காய்ச்சலுக்கா, வலிக்கா, மூச்சுத் திணறலுக்கா, வாந்திக்கா?
2. ஒரு தடவைக்கு எத்தனை மாத்திரை?
3. அடங்காவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து அடுத்ததைப் போடலாம்?
4. ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை?
5. எத்தனை நாள் பார்த்துவிட்டு, அல்லது எந்த அறிகுறியைக் கண்டவுடன், திரும்ப ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

ஐந்தாவது கேள்வியை அநேகர் கேட்பதேயில்லை. ஆனால் அதுதான் முக்கியமானது. ‘தேவைப்பட்டால்’ என்று எழுதிக்கொடுக்கும் மருந்து பெரும்பாலும் தொல்லையைத் தணிக்கிற மருந்தே; நோயின் வேரைப் பிடுங்குகிற மருந்து அல்ல. தேவை ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால், உள்ளே வேறொன்று இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சல் மாத்திரையின் கணக்கு

நம் நாட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று மிக அதிகமாக எழுதப்படும் மருந்துகளில் ஒன்று பாரசிட்டமால். குரோசின், கால்பால், டோலோ 650 என்று பல பெயர்களில் கிடைக்கிறது. முறையாகச் சாப்பிட்டால் மிகவும் பாதுகாப்பான மருந்து. அதனாலேயே அதன்மேல் பயம் போய்விட்டது.

நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவர்கள் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 500 மி.கி. மாத்திரையானால் அது 8, 650 மி.கி. மாத்திரையானால் 6. இது எல்லைக்கோடு, இவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதல்ல. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே 4 முதல் 6 மணி நேரம் இருக்க வேண்டும். மெலிந்த உடம்புள்ளவர்கள், வயதானவர்கள், மது அருந்துகிறவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை மாத்திரை ஒன்று, கடையில் வாங்கிய டோலோ ஒன்று, சளிக்கு என்று வாங்கிய மாத்திரை ஒன்று என மூன்றையும் ஒருவர் சேர்த்து விழுங்குகிறார். மூன்று பெயர், மூன்று நிறம். ஆனால் மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கக்கூடும். சளி மாத்திரைகள் பலவற்றில் அது சேர்ந்திருக்கிறது. ஆகவே அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழக வேண்டும்.

அளவு மிஞ்சினால் பாதிக்கப்படுவது கல்லீரல். முதல் நாளில் பெரிய தொல்லை எதுவும் தெரியாமல் இருக்கலாம். இலேசான குமட்டல் இருந்து அடங்கிவிடும். இரண்டு மூன்று நாட்களில் மஞ்சள் காமாலை தெரியும்போது காலம் கடந்திருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆதலால் அளவுக்கு மேல் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தால், ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலும், அதற்கு முன்பே கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ‘தேவைப்பட்டால்’ காலம் முடிந்துவிட்டது. டெங்கு காய்ச்சலாய் இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

குழந்தைகளுக்கு இரட்டைக் கவனம்

குழந்தைகளுக்கு அளவு வயதைக்கொண்டு அல்ல, எடையைக்கொண்டு. ஒரு கிலோ எடைக்கு ஒரு தடவை 10 முதல் 15 மி.கி. பாரசிட்டமால் என்பது கணக்கு. 10 கிலோ உள்ள குழந்தைக்கு 150 மி.கி. போதும் என்று வைத்துக்கொள்வோம். நம் கடைகளில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் 125 மி.கி. உண்டு, 250 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மி.கி. இருக்கும். முதலில் சொன்ன சிரப்பானால் அந்தக் குழந்தைக்கு 6 மில்லி. சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லி. சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும்.

‘குட்டி பாட்டில்தானே, இலேசான மருந்தாக இருக்கும்’ என்று எண்ணுவது இயற்கை. உண்மையில் அதுதான் காட்டமானது. வீட்டுக் கரண்டியால் அளக்காமல், பாட்டிலோடு வரும் மூடியையோ சொட்டுக் குழாயையோ பயன்படுத்த வேண்டும். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வைத்தால், அம்மா ஒரு தடவையும் பாட்டி ஒரு தடவையும் தெரியாமல் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

தாமதிக்கக் கூடாத ‘தேவைப்பட்டால்’

சில எஸ்.ஓ.எஸ். மருந்துகளில் ஆபத்து வேறு விதமானது. அவற்றைத் தேவை வந்தும் போடாமல் தள்ளிப்போடுவதே கெடுதல். இருதய நோயாளிகளுக்கு நாக்கின் அடியில் வைக்கக் கொடுக்கும் ஐசோசார்பைட் டைனைட்ரேட் மாத்திரை அவற்றில் ஒன்று. மார்பில் வலியோ இறுக்கமோ வந்தவுடன் உட்கார்ந்துகொண்டு அதை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் குறைந்து விழ நேரிடலாம். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நம் மாநிலத்தில் அந்தச் சேவை 2008 முதல் இலவசமாக நடந்துவருகிறது. முதன்முறையாக மார்பு வலி வருகிறவர், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கேட்டு வாங்கி நேரத்தைப் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆஸ்துமாவிலும் இதே பாடந்தான். இழுப்பு வரும்போது உறிஞ்சும் சால்புடமால் தேவைக்கானது. மருத்துவர் தினமும் உறிஞ்சச் சொல்லும் ஸ்டீராய்டு மருந்தோ இழுப்பு வராமல் காப்பது. பலர் உடனே சுகம் தருகிற முதலாவதை மாத்திரம் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் சால்புடமால் தேவைப்படுகிறதென்றால், நோய் கட்டுக்குள் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சென்னை கற்றுத் தந்த பாடம்

‘சுகமாயிருக்கிறேன், இனி எதற்கு மருந்து?’ என்ற எண்ணம் எவ்வளவு இயல்பானது என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. காசநோய்க்காரர்கள் சானடோரியத்தில் மாதக்கணக்காய்ப் படுத்திருந்தால்தான் பிழைப்பார்கள் என்று எண்ணியிருந்த காலம் அது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று சேத்துப்பட்டில் இயங்குகிறது.

ஏழைகளின் நெருக்கமான வீடுகளிலேயே இருந்துகொண்டு மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சுகமடைந்தார்கள் என்று 1959-ல் அம்மையம் வெளியிட்டது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. ஆனால் அங்கே இருந்தவர்கள் வெறுமனே மாத்திரையைக் கொடுத்தனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. சொல்லாமல் வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று அறிந்தார்கள். நோயாளிகளில் பலர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பது அப்போது தெரியவந்தது. ஒரு பணியாளர் பார்த்திருக்கவே மருந்தை விழுங்கச் செய்யும் முறை அங்கிருந்து வளர்ந்தது.

காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். கிருமி இன்னும் உள்ளே இருக்கும். வழக்கமான காசநோய்க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்பது அதனாலேயே. நடுவில் விட்டால் நோய் திரும்புவதோடு, மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகவும் மாறக்கூடும். அது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றும்.

ஆகவே எழுதப்படாத இடத்தில் ‘தேவைப்பட்டால்’ என்பதை நாமே எழுதிக்கொள்ளக் கூடாது. காசநோய் மருந்து, இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோய் மாத்திரை, இன்சுலின், வலிப்பு மாத்திரை இவை ஒன்றும் எஸ்.ஓ.எஸ். அல்ல. ஆன்டிபயாடிக் மருந்தும் அப்படியே. மீந்ததை எடுத்துவைத்து அடுத்த காய்ச்சலுக்குப் போடக் கூடாது. அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மாத்திரை வாசலுக்கு வந்தாலும், அதைத் தினமும் போடுவது வீட்டிலுள்ளவர் கையில்தான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

எழுதுகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மருந்துகளின் பொதுப் பெயரை, வாசிக்கக்கூடிய எழுத்தில், கூடுமானவரை பெரிய எழுத்துக்களில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதி செய்தது. அதோடு, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று நிறுத்தாமல், ‘காய்ச்சல் வந்தால் 1, 6 மணி நேரம் கழித்து மறுபடி, நாளுக்கு 4-க்கு மேல் வேண்டாம், 3 நாளில் வரவும்’ என்று தமிழில் ஒரு வரி எழுதிவிட்டால் எவ்வளவோ நன்மை. இதற்குப் பணம் செலவில்லை. அரை நிமிடம் செலவாகும்.

ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்குகிற சபை மக்களும் இதில் பங்கெடுக்கலாம். ஒவ்வொரு சபையிலும் படிக்கத் தெரியாத தாய்மார்கள், கண் மங்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் படித்த வாலிபர் இருவர் அவர்கள் அருகில் உட்கார்ந்து, மருந்துப் பையைத் திறந்து, தினசரி மருந்தை ஒரு டப்பாவிலும், தேவைக்கான மருந்தை வேறொரு டப்பாவிலும் பிரித்து வைக்கலாம். தேவைக்கான டப்பாவின்மேல் அந்த ஐந்து கேள்விகளுக்குரிய பதிலைத் தமிழில் எழுதி ஒட்டலாம். பதில் தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல், சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்கலாம். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ வாலிபரின் வேலையல்ல. வாசித்துச் சொல்வதே அவர்கள் வேலை.

இன்னும் ஒன்று. வீட்டில் மீந்துபோன மாத்திரைகளை ஏழைகளுக்கு உதவட்டும் என்று நல்ல மனதோடு கொடுக்க விரும்புகிறவர்கள் உண்டு. பாதி கிழிந்த அட்டையில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் போயிருக்கும். அப்படிப்பட்டதை யாருக்கும் கொடுக்க முடியாது. பெயர் தெரியாத மாத்திரை ஒருவருக்கும் ‘தேவைப்படாது’.

அடுத்த முறை மருந்துச் சீட்டை வாங்கும்போது கடைசி வரி வரைக்கும் படித்துப் பாருங்கள். எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் ஒரு நிமிடம் நின்று, “ஐயா, எது வந்தால்? எத்தனை? எவ்வளவு நேரம் கழித்து? நாளுக்கு எத்தனை வரை? எப்போது திரும்ப வர வேண்டும்?” என்று கேளுங்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.